ஐரோப்பாவை இணைத்த ழான் மொனே



நாட்டுக்கு நாடு சண்டை வராமல் காப்பதற்கென்றே படித்துத் தேர்ந்த அறிஞர்கள் உலகில் பலர் உண்டு. ஆனால், ஐரோப்பாவில் அந்தத் துறைக்கே வழிகாட்டியாக விளங்கிய ஒருவர் 16 வயதிலேயே பள்ளியை விட்டவர் என்றால் நம்புவீங்களா? அவர்தான் ழான் மொனே.

1888 நவம்பர் 9ஆம் நாள் பிரான்சு நாட்டில் கோன்யாக் என்னும் ஊரில் பிறந்தார். பிராந்தி வியாபாரம் குடும்பத் தொழில். தந்தை அவரை லண்டனுக்கு அனுப்பி ஆங்கிலம் கற்க வைத்தார். பிறகு கனடாவுக்கு அனுப்பியபோது, புத்தகங்களை விட்டுவிட்டு மனிதர்களைப் படித்து வரச் சொன்னாராம்.

1914இல் முதல் உலகப் போர் மூண்டது. பிரான்சும் பிரிட்டனும் ஒரே பக்கம் நின்று போரிட்டன. ஆனால் சரக்கு வாங்குவதிலும் கப்பல் பிடிப்பதிலும் ஒன்றுக்கொன்று போட்டி! 25 வயது மொனே நேராகப் பிரான்சின் பிரதமரைச் சந்தித்து, சேர்ந்து வாங்கினால் என்ன என்று கேட்டார். அந்த யோசனை பலித்தது. 1919இல் உலக நாடுகள் சங்கத்தின் துணைப் பொதுச் செயலாளர் ஆனார்.

ஆனாலும் இரண்டாம் உலகப் போர் வந்தே விட்டது. 1870, 1914, 1939 என்று எழுபது ஆண்டுக்குள் பிரான்சும் ஜெர்மனியும் மூன்று முறை மோதின. எத்தனை தாய்மார்கள் பிள்ளைகளைப் பறிகொடுத்திருப்பார்கள்!

மொனே யோசித்தார். பீரங்கி செய்ய என்ன வேணும்? நிலக்கரியும் எஃகும். அவை இரண்டையும் பொதுவில் வைத்துவிட்டால்? பகையுள்ள இரண்டு வீட்டார் தங்கள் வெட்டுக்கத்திகளைப் பொதுக் கொட்டகையில் வைத்து, சாவியை நடுவரிடம் கொடுத்தால் இருவருமே நிம்மதியாகத் தூங்கலாம், இல்லீங்களா? அதுதான் அவருடைய திட்டம்.

1950 மே 9ஆம் நாள் பிரான்சின் வெளியுறவு அமைச்சர் ராபர்ட் சூமான் அதை உலகுக்கு அறிவித்தார். பிரான்சு, மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஆறு நாடுகள் 1951இல் கையெழுத்திட்டன. நிலக்கரியையும் எஃகையும் கவனிக்க அமைந்த உயர் ஆணையத்துக்கு 1952இல் மொனேயே முதல் தலைவரானார்.

தோல்வியும் வந்தது. ஆறு நாடுகளுக்கும் ஒரே ராணுவம் என்ற திட்டத்தை 1954இல் அவருடைய சொந்த நாட்டு நாடாளுமன்றமே தள்ளிவிட்டது. மொனே சோர்ந்து உட்காரவில்லை. பதவியை விட்டு வெளியே வந்தார். கட்சித் தலைவர்களையும் தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒன்றுசேர்த்து ஒரு குழு அமைத்து, 1975 வரை உழைத்தார். ஆறு நாடுகளின் அந்தக் கூட்டுதான் 27 நாடுகளின் ஐரோப்பிய ஒன்றியமாக வளர்ந்து நிற்கிறது. பிரான்சும் ஜெர்மனியும் அதன்பின் ஒருமுறைகூடப் போரிடவில்லை.

1979 மார்ச் 16ஆம் நாள், 90ஆம் வயதில் மொனே மறைந்தார். ஒரு தேர்தலில்கூட நின்று வென்றவர் அல்லர் அவர்.

மாணவர்களே! பள்ளியை விட்டதால் அவர் உயர்ந்தார் என்று எண்ணிவிடாதீங்க. கற்பதை அவர் ஒருநாளும் விடவில்லை, அதனால்தான் உயர்ந்தார். பெற்றோர்களே! சண்டை போட்ட இருவரைச் சேர்ந்து செய்ய ஒரு பொது வேலையில் இறக்கிவிடுங்கள். பகை தானே தணியும். மொனேயின் வாழ்க்கை நமக்குச் சொல்லும் பாடம் இதுவே.