துப்பறியும் சாம்புவைத் தந்த தேவன்

துவாக்குடி வழியே கிழக்கு நோக்கிச் செல்லும் சாலை தஞ்சையைச் சேர்கிறது. அங்கிருந்து குடந்தையைக் கடந்தால் திருவிடைமருதூர். பாடல் பெற்ற அத்தலத்தில் 1913ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் பிறந்தவர் ஆர். மகாதேவன். தமிழுலகம் அவரைத் தேவன் என்றே அறியும்.

பள்ளியில் சாரணர் ஆசிரியர் கூறிய கதைகள் அவருள் கதையார்வத்தை விதைத்தன. குடந்தை அரசினர் கல்லூரியில் பட்டம் பெற்றுச் சிறிது காலம் ஆசிரியப் பணியாற்றினார். குறும்புச் சிறுவன் ராஜாமணியைப் பற்றி அவர் எழுதியனுப்பிய கட்டுரை ஆனந்த விகடனின் வாயிலைத் திறந்தது. இருபது வயதளவில் அங்குத் துணையாசிரியராகச் சேர்ந்த அவர், 1942 முதல் நிர்வாக ஆசிரியராக விளங்கினார்.

ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் துப்பறியும் நாவலைத் தமிழில் முன்னரே வேரூன்றச் செய்திருந்தனர். அவற்றில் துப்பறிவோர் அறிவிற் சிறந்தோர். தேவனோ அம்மரபைத் தலைகீழாக்கினார். வங்கிக் குமாஸ்தா சாம்பு அச்சத்தால் ஓடுவார், தடுக்கி விழுவார். விழுந்த இடத்தில் குற்றவாளி அகப்படுவான். இன்ஸ்பெக்டர் கோபாலன் முதலாக அனைவரும் அதனை அறிவுத்திறன் எனப் போற்றுவர். உண்மை படிப்பவருக்கு மட்டுமே தெரியும். பெரியோர் அறியாத அந்த இரகசியத்தில் தமக்கும் பங்குண்டு என்பதே சிறுவர்க்குப் பேருவகை. ராஜு தீட்டிய நீண்ட மூக்கும் அசட்டு விழியும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளையையும் சிரிக்கவைத்தன. பின்னர்க் கோபுலுவின் கைவண்ணத்தில் சாம்பு சித்திரத் தொடராகவும் உலவினார்.

சாம்புவைக் கண்டு சிரிக்கும் வாசகர் அவரை ஒருபோதும் இகழ்வதில்லை. புகழுக்கு மயங்கும் சமூகமே அங்கு நகைக்கு இலக்காகிறது. எளியவனை இழிவுசெய்யாது சிரிக்கவைத்த இப்பண்பே தேவனின் தனிச்சிறப்பு. ஜஸ்டிஸ் ஜகந்நாதன், மிஸ்டர் வேதாந்தம் ஆகிய நாவல்களிலும் இதே பரிவு இழையோடுகிறது.

1957ஆம் ஆண்டு மே 5ஆம் நாள், 43ஆம் வயதில், தேவன் மறைந்தார். அவருடைய நாவல்களுள் பெரும்பாலானவை அதன் பின்னரே நூலுருப் பெற்றன. வாரந்தோறும் பல்லாயிரவரை மகிழ்வித்தவர், தம் படைப்புகள் நூல்வரிசையாக நிற்பதைக் காணாமலே சென்றார். இலக்கிய வரலாறுகளும் பலகாலம் அவரைப் பொழுதுபோக்கு எழுத்தாளர் என ஒரு வரியில் கடந்தன.

மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையையே முதற்கண் வைத்தார் தொல்காப்பியர். அந்நூலை நாளும் பயிலும் தமிழுலகம், நகையையே தம் வாழ்நாட் பணியாக ஏற்ற தேவனுக்கு உரிய இடத்தை இன்னும் முழுமையாக வழங்கவில்லை. சாம்புவைப் படித்துச் சிரிக்கும் பிள்ளைகளோ அவ்விடத்தை என்றோ வழங்கிவிட்டனர்.