இங்கிலாந்துக்கே நற்செய்தி சொன்ன மதுரைப் பேராயர்

மேலை நாடுகளிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்த கிறிஸ்துவ மிஷனரிகள் பலர். அங்கு பல்லாண்டுகள் பணியாற்றிவிட்டுச் சொந்த நாடு திரும்பி, மிஷனரி வேலை தேவைப்படுவது இங்கேதான் என்று சொன்னவர் பேராயர் லெஸ்லி நியூபிகின்.

1909 டிசம்பர் 8ஆம் தேதி இங்கிலாந்தின் நியூகாசல் நகரில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் படித்த காலத்தில், வேல்ஸ் பகுதியில் வேலையிழந்த சுரங்கத் தொழிலாளர்களிடையே தொண்டு செய்யச் சென்றார். அங்குதான் அவருடைய விசுவாசம் வேரூன்றியது.

1936இல் மனைவி ஹெலனுடன் ஸ்காட்லாந்து திருச்சபையின் மிஷனரியாகச் சென்னை வந்தார். பேருந்து விபத்தில் கால் முறிந்ததால் நாடு திரும்ப நேர்ந்தது. ஆனாலும் 1939இல் மீண்டும் வந்து காஞ்சிபுரத்தில் பணியைத் தொடர்ந்தார். தமிழ் கற்றார். இராமகிருஷ்ண மடத்தில் இந்து அறிஞர்களுடன் அமர்ந்து, உபநிடதத்தையும் யோவான் நற்செய்தியையும் சேர்ந்து படித்தார்.

1947 செப்டம்பர் 27ஆம் தேதி ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், கான்கிரிகேஷனல் மரபுச் சபைகள் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை உருவானது. அதன் முதல் பேராயர்களில் ஒருவராக, மதுரை-இராமநாதபுரம் பேராயத்தை ஏற்றபோது அவருக்கு வயது 37. பின்னர் 1965 முதல் 1974 வரை சென்னைப் பேராயராக இருந்தார்.

ஓய்வு பெற்றதும் கணவனும் மனைவியும் இரண்டு பெட்டிகளோடு பேருந்துகளில் ஏறி, தரை வழியாகவே இங்கிலாந்து சென்றனர். பர்மிங்ஹாமில் சில ஆண்டுகள் ஆசிரியராக இருந்தார். பிறகு, மூடிவிடலாமா என்று பேசப்பட்ட வின்சன் கிரீன் தேவாலயத்தை 70 வயதில் ஏற்றுக்கொண்டார். சிறைச்சாலைக்கு எதிரே இருந்த சிறிய ஆலயம் அது. வீடு வீடாகச் சென்றபோது, இந்தியக் குடும்பங்கள் அவரை உள்ளே அழைத்து உபசரித்தன. வெள்ளையர் வீடுகளிலோ கதவு பாதியில் சாத்தப்பட்டது. எதிர்ப்பைவிட இந்த அலட்சியமே கடினம் என்று உணர்ந்தார். தம் மக்களிடம் நம்பிக்கையே வற்றிவிட்டதையும் கண்டார்.

ஏன் இந்த நிலை? அறிவியல் சொல்வது ஊருக்குப் பொதுவான உண்மை, சமயம் அவரவர் சொந்த விருப்பம் என்று மேலை உலகம் பிரித்துவிட்டது. திருச்சபையும் அதை ஏற்றுக்கொண்டு ஒரு மூலையில் ஒதுங்கிவிட்டது. நியூபிகின் இதை மறுத்தார். பிரபஞ்சத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு என்று நம்பித்தான் விஞ்ஞானியும் ஆய்வைத் தொடங்குகிறார். நம்பிக்கை இல்லாத அறிவு எங்கும் இல்லை. ஆகவே நற்செய்தியைப் பொது உண்மையாகச் சபை தயங்காமல் முன்வைக்க வேண்டும். ஆனால் யார் மீதும் அதைத் திணிக்கக் கூடாது என்றார். அந்தச் செய்திக்குச் சிறந்த விளக்கவுரை, அதன்படி வாழும் ஒரு சாதாரண சபைதான் என்பது அவர் கருத்து.

1986இலும் 1989இலும் வெளிவந்த அவருடைய நூல்கள் இக்கருத்தை விரிவாகப் பேசின. இன்றும் இறையியல் கல்லூரிகளில் அவை பாடமாக உள்ளன.

1998 ஜனவரி 30ஆம் தேதி லண்டனில் தமது 88ஆவது வயதில் நியூபிகின் காலமானார். மிஷனரி என்றால் கடல் கடந்து போகிறவர் என்ற எண்ணத்தை மாற்றி, சொந்தத் தெருவும் பணிக்களமே என்று காட்டிச் சென்றவர் அவர்.