கோட்டையும் சிங்கமும்

இடைக்கால ஐரோப்பிய மன்னர்க்கு வாளும் கேடயமும் போர்க்கருவிகளாக மட்டும் அமையவில்லை. வாள் ஆணையின் அறிகுறி. கேடயத்தில் தீட்டிய சின்னமோ அரசனுடைய நாட்டையும் உரிமையையும் யாவர்க்கும் அறிவிப்பது. இவ்விரண்டாலும் நினைக்கப்படும் வேந்தன் ஸ்பெயினில் வாழ்ந்த மூன்றாம் பெர்டினாண்டு.

அந்நாளில் ஸ்பெயின் ஒரே நாடாக இருக்கவில்லை. வடக்கே காஸ்டில், லியோன் முதலிய கிறித்தவ அரசுகளும், தெற்கே முஸ்லிம் அரசும் நிலவின. பெர்டினாண்டின் தந்தை ஒன்பதாம் அல்போன்சோ லியோன் மன்னன். தாய் பெரங்கேலா காஸ்டில் அரசகுமாரி. நெருங்கிய உறவினர் என்பதுபற்றி அவர்தம் மணம் செல்லாதெனப் போப்பாண்டவர் விலக்கினார். 1217-இல் பெரங்கேலாவின் தம்பி இறக்கவே, காஸ்டில் முடி அவ்வம்மையாரை அடைந்தது. அவர் அதனைத் தம் மைந்தனுக்கு ஈந்தார். அது பொறாத தந்தை மகன்மேற் படையெடுத்தான். மறு ஆண்டில் இருவரும் உடன்பட்டனர்.

1219-இல் புர்கோஸ் நகரையடுத்த லாஸ் உயெல்காஸ் மடத்தில் பெர்டினாண்டு வீரர்க்குரிய சடங்கினை மேற்கொண்டான். பிறர் கையால் வாள் பெறுதல் வழக்கம். அவனோ பலிபீடத்தின்மேல் இருந்த வாளைத் தானே எடுத்து அரையிற் கட்டிக்கொண்டான். தன் நாட்டில் தனக்கு மேலான அரசர் இலர் என்பதே அதன் குறிப்பு. ஆயினும், அக்கச்சையை அவிழ்க்கும் உரிமையைத் தாய்க்கே வழங்கினான்.

1230-இல் அல்போன்சோ மறைந்தான். அவன் தன் நாட்டை முதல் மனைவி தெரேசாவின் புதல்வியர் இருவர்க்கு உரிமையாக்கியிருந்தான். மீண்டும் போர் மூளும் நிலை எய்தியது. அப்போது பெரங்கேலாவும் தெரேசாவும் கூடிப் பேசினர். ஆண்டுதோறும் 30,000 பொற்காசு பெற்றுக்கொண்டு இளவரசியர் உரிமையை விட்டனர். குருதி சிந்தாமல் இரு நாடுகளும் ஒரு முடியின்கீழ் இணைந்தன.

இவ்விணைப்பைக் காட்டப் புதிய சின்னம் வேண்டியதாயிற்று. கேடயம் நான்கு கட்டங்களாகப் பகுக்கப்பட்டது. காஸ்டிலுக்குரிய பொற்கோட்டை செந்நிறத் தளத்தில் இரு கட்டங்களிலும், லியோனுக்குரிய ஊதாநிறச் சிங்கம் வெண்ணிறத் தளத்தில் இரு கட்டங்களிலும் மூலைக்கு மூலை எதிரெதிராக நின்றன. ஒரு நாட்டின் அடையாளம் மற்றொன்றை விழுங்கவில்லை. இவ்வகையில் அமைந்த சின்னங்களுள் இது மிகப் பழையவற்றுள் ஒன்றாகும்.

பின்னர் அவன் தெற்கு நோக்கிப் படை செலுத்தினான். 1236-இல் கொர்தோபா வீழ்ந்தது. ஓராண்டுக்கு மேல் நீண்ட முற்றுகையின்பின் 1248-இல் செவில் நகரும் பணிந்தது. அங்கு வாழ்ந்த முஸ்லிம் மக்கள் தம் மனைகளைத் துறந்து வெளியேற நேர்ந்தது. வாள் தந்த வெற்றிக்கு மக்கள் கொடுத்த விலை அது.

1252-இல் செவிலில் இறுதி நெருங்கியபோது, அரசாடைகளை நீக்கி, கழுத்திற் கயிறிட்டு, மண்டியிட்டு அவன் இறைவனை வேண்டினான் என வரலாற்று ஏடு கூறுகிறது. முடியும் வாளும் மனிதனுடன் வாரா என்பதை அவன் உணர்ந்திருந்தான் போலும்! அவன் மகன் பத்தாம் அல்போன்சோ, தந்தையின் கல்லறையில் இலத்தீன், காஸ்டிலியம், அரபு, எபிரேயம் ஆகிய நான்கு மொழிகளிலும் எழுத்துப் பொறிப்பித்தான்.

லோபெரா எனப்படும் அவனது வாள் செவில் பேராலயத்தில் காக்கப்படுகிறது. கோட்டையும் சிங்கமும் ஸ்பெயின் நாட்டு அரசுச் சின்னத்தில் இன்றும் விளங்குகின்றன. வாள் பேழைக்குள் அடங்கியது. இரு அன்னையர் பேசி முடித்த இணக்கத்தின் அடையாளமோ எண்ணூறு ஆண்டுகளை நெருங்கியும் ஒரு நாட்டின் முகமாக நிலைபெற்றுள்ளது.