விழுந்த வீரரைத் தாங்கிய தோழர்: மாரிஸ் ஸ்டோக்ஸ் வாழ்க்கை வரலாறு

அமெரிக்காவில் கூடைப்பந்து ஆட்டம் பெரிய தொழில். அங்குள்ள தேசியக் கூடைப்பந்து சங்கத்தில் (என்.பி.ஏ.) ஆடும் வீரர்களுக்கு இன்று கோடிக்கணக்கில் சம்பளம். தலையில் அடிபட்டால், டாக்டர் பார்த்து அனுமதி கொடுத்த பிறகுதான் மறுபடி ஆடலாம் என்று 2011-ல் விதியே செய்துவிட்டார்கள்.

1958-ல் அப்படி ஒரு விதி இல்லை. விழுந்தவர் எழுந்து நின்றால் ஆடலாம். அவ்வளவுதான்.

அந்த ஆண்டு மார்ச் மாதம் அப்படி விழுந்து, எழுந்து, ஆடியவர்தான் மாரிஸ் ஸ்டோக்ஸ். அப்போது அவருக்கு வயது 24.

இரும்பு ஆலைத் தொழிலாளி மகன்

ஸ்டோக்ஸ் 1933-ம் ஆண்டு ஜூன் 17-ந் தேதி பிறந்தார். சொந்த ஊர், பென்சில்வேனியா மாநிலத்தில் பிட்ஸ்பர்க் நகரை ஒட்டிய ராங்கின். அந்த வட்டாரம் முழுவதும் இரும்பு, எஃகு ஆலைகள். அவருடைய தந்தையும் எஃகு ஆலைத் தொழிலாளி. தாயார் வீட்டு வேலை செய்து சம்பாதித்தார். கறுப்பர் இனத்தைச் சேர்ந்த ஏழைக் குடும்பம்.

பையன் வளர்ந்தது பிட்ஸ்பர்க் நகரில். வெஸ்டிங்ஹவுஸ் உயர்நிலைப்பள்ளியில் சேர்ந்தார். முதல் 2 ஆண்டுகள் ஆட்டம் தொடங்கும்போது இறங்கும் 5 பேரில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. அதற்காக அவர் ஒதுங்கிவிடவில்லை. விடாமல் பயிற்சி செய்தார். பிறகு அந்தப் பள்ளி நகரப் போட்டியில் வெற்றி பெற்றபோது அதில் அவருடைய பங்கு பெரியது.

லொரெட்டோ என்ற சிற்றூரில் உள்ள செயிண்ட் பிரான்சிஸ் கல்லூரி அவரை அழைத்துக்கொண்டது. பெயர் தெரியாத சின்னக் கல்லூரி. 1955-ல் நியூயார்க்கில் நடந்த தேசிய அழைப்புப் போட்டியில் அந்தக் கல்லூரி 4-வது இடம்தான் பெற்றது. ஆனால் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் என்ற பட்டம் ஸ்டோக்சுக்குக் கிடைத்தது.

முதல் ஆட்டமே அமர்க்களம்

அதே ஆண்டில் ரோசெஸ்டர் ராயல்ஸ் குழு அவரைத் தேர்ந்து எடுத்தது. அந்த ஆண்டின் தேர்வில் 2-வது பெயர் அவருடையது.

உயரம் 6 அடி 7 அங்குலம். நல்ல கட்டுமஸ்தான உடல். அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு குட்டையான ஆட்டக்காரரைப் போல ஓடுவார். பந்தைத் தட்டிக்கொண்டு போவார். தோழர்களுக்குக் கச்சிதமாக எடுத்துக் கொடுப்பார். வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைப் பறிப்பதில் அவருக்கு நிகர் அவரே.

நியூயார்க் குழுவை எதிர்த்து ஆடிய முதல் ஆட்டத்திலேயே 32 புள்ளிகள் எடுத்தார். திரும்பி வந்த பந்துகளில் 20-ஐப் பிடித்தார். அந்தப் பருவத்தில் ஒரே ஆட்டத்தில் 38 பந்துகளைப் பிடித்த நாளும் உண்டு. ஆண்டின் சிறந்த புதிய ஆட்டக்காரர் என்ற விருது அவருக்கு வந்தது.

1956-57 பருவத்தில் மொத்தம் 1,256 பந்துகளைப் பிடித்தார். அதுவரை யாரும் ஒரு பருவத்தில் அத்தனை பிடித்தது இல்லை. ஆடிய 3 பருவங்களிலும் நட்சத்திர ஆட்டக்காரர்களின் அணியில் அவருக்கு இடம் கிடைத்தது.

அந்தப் பருவம்

1957-ல் ராயல்ஸ் குழு ரோசெஸ்டரை விட்டு சின்சினாட்டி நகருக்குக் குடிபெயர்ந்தது. அப்போது சங்கத்தில் மொத்தமே 8 குழுக்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பருவத்துக்கு 72 ஆட்டம்.

1958 மார்ச் 12-ந் தேதி. பருவத்தின் கடைசி ஆட்டம். மினியாபோலிஸ் நகரில் லேக்கர்ஸ் குழுவுடன் மோதல்.

ஸ்டோக்ஸ் வளையத்தை நோக்கிப் பாய்ந்தார். மோதிக் கீழே விழுந்தார். தலை தரையில் பலமாக அடித்தது. நினைவு தப்பியது. மூக்கில் மருந்தை முகரவைத்து எழுப்பினார்கள். எழுந்தவர் மறுபடி ஆடப் போனார்.

மூன்றாம் நாள் டெட்ராய்ட் நகரில் அடுத்த சுற்று ஆட்டம். உடம்பு சரியில்லை. ஆனாலும் ஆடினார். 12 புள்ளிகள் எடுத்தார். 15 பந்துகளைப் பிடித்தார்.

ஊர் திரும்பும்போது, விமானத்தில் அவருக்கு வலிப்பு வந்தது. பிறகு நினைவு இழந்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அடிபட்ட மூளை வீங்கிவிட்டது என்று டாக்டர்கள் கண்டறிந்தார்கள். நினைவு திரும்பியபோது கை அசையவில்லை. கால் அசையவில்லை. பேச்சும் வரவில்லை. அறிவு மட்டும் அப்படியே இருந்தது. நடப்பதெல்லாம் புரியும். ஒரு வார்த்தை சொல்ல முடியாது.

யார் பொறுப்பு?

ஆடாத ஆட்டக்காரருக்குக் குழு சம்பளம் கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரிச் செலவோ நாளுக்கு நாள் ஏறியது. ஆண்டுக்கு ஏறக்குறைய 1 லட்சம் டாலர் ஆகும் என்ற நிலை. பெற்றோரால் அந்தச் சுமையைத் தாங்க முடியாது. வங்கியில் அவர் போட்டு வைத்திருந்த பணத்தை எடுக்கவும் வழி இல்லை. கையெழுத்துப் போட அவருக்குக் கை இல்லையே!

அப்போது முன்வந்தவர் ஜாக் ட்வைமன். அதே குழுவின் ஆட்டக்காரர். அவரும் பிட்ஸ்பர்க்கில் வளர்ந்தவர். இருவரும் 1955-ல் ஒரே சமயத்தில் ராயல்ஸ் குழுவில் சேர்ந்தவர்கள். ட்வைமன் வெள்ளையர். அமெரிக்காவின் பல ஊர்களில் கறுப்பருக்கு ஓட்டலில் இடம் கொடுக்காத காலம் அது. 23 வயது நிரம்பிய அந்த வெள்ளைக்கார இளைஞர், கறுப்பரான தன் தோழருக்குச் சட்டப்படியான காப்பாளராக ஆனார்.

விளையாட்டு இல்லாத மாதங்களில் ட்வைமன் இன்சூரன்ஸ் தொழிலில் வேலை பார்த்தவர். சட்டதிட்டங்கள் அவருக்கு ஓரளவு தெரியும். ஆலையில் வேலை செய்பவருக்குக் கை போனால் நஷ்டஈடு உண்டு. ஆடுகளத்தில் வேலை செய்பவருக்குத் தலையில் அடிபட்டால் ஏன் இல்லை? ஸ்டோக்ஸ் சம்பளத்துக்கு ஆடியவர், ஆடும்போதுதான் அடிபட்டார், ஆகவே அவரும் தொழிலாளியே. இப்படி அவர் ஒஹையோ மாநில அதிகாரிகளிடம் போராடினார். கடைசியில் தொழிலாளர் நஷ்டஈடு கிடைத்தது. மருத்துவச் செலவில் பெரும் பகுதிக்கு வழி பிறந்தது.

மீதிப் பணத்துக்கு வேறு ஏற்பாடு. நியூயார்க் மாநில மலைப்பகுதியில் குட்ஷர்ஸ் என்ற பெரிய ஓட்டல் இருந்தது. அங்கே ஆண்டுதோறும் நிதி ஆட்டம் நடந்தது. வில்ட் சேம்பர்லின் போன்ற பெரும் புள்ளிகள் வந்து ஆடினார்கள்.

கண் சிமிட்டிப் பேச்சு

பேச முடியாத தோழருடன் பேச ட்வைமன் ஒரு வழி கண்டார். ஆங்கில எழுத்துக்களை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வருவார். வேண்டிய எழுத்து வந்ததும் ஸ்டோக்ஸ் கண் சிமிட்டுவார். அப்படி எழுத்து எழுத்தாகக் கூட்டி ஒரு சொல். சொல் சொல்லாகக் கூட்டி ஒரு செய்தி.

ஸ்டோக்சும் சும்மா இருக்கவில்லை. ஆட்டத்துக்குச் செய்ததைப் போலவே தினமும் பயிற்சி செய்தார். ஆண்டுக்கணக்கில் உழைத்து, விரல்களைக் கொஞ்சம் அசைக்கக் கற்றார். டைப்ரைட்டரில் எழுத்துத் தட்டினார். முதலில் தட்டிய கடிதம் ட்வைமனுக்கு எழுதிய நன்றிக் கடிதம். பிறகு படம் வரையவும் கற்றுக்கொண்டார். பார்க்க வந்தவர்களிடம் சிரித்த முகம் காட்டுவார்.

ட்வைமன் இதற்கிடையே தன் ஆட்டத்தையும் விடவில்லை. 1959-60 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 31 புள்ளிகளுக்கு மேல் எடுத்தார். குடும்பத்தையும் வேலையையும் கவனித்துக்கொண்டு தோழரையும் கவனித்தார்.

1970-ம் ஆண்டு ஏப்ரல் 6-ந் தேதி சின்சினாட்டியில் மாரடைப்பால் ஸ்டோக்ஸ் இறந்தார். அப்போது அவருக்கு 36 வயது. அவர் விரும்பியபடியே, அவரை ஆளாக்கிய கல்லூரி இருக்கும் லொரெட்டோவில் அடக்கம் செய்தார்கள்.

அழியாத பெயர்

1973-ல் இந்த இருவர் கதை சினிமாவாக வந்தது. 2004-ல் கூடைப்பந்துப் புகழ் மண்டபத்தில் ஸ்டோக்ஸ் பெயர் சேர்க்கப்பட்டது. அவர் சார்பில் அந்தக் கௌரவத்தைப் பெற்றுக்கொண்டவர் ட்வைமன். அவரும் 2012 மே மாதம் காலமானார்.

அடுத்த ஆண்டு முதல் அமெரிக்க கூடைப்பந்து சங்கம் ஒரு புதிய விருதைக் கொடுத்துவருகிறது. அது அதிகப் புள்ளி எடுத்தவருக்கு அல்ல. சக ஆட்டக்காரர்கள் ஓட்டுப் போட்டு, சிறந்த தோழர் என்று யாரைச் சொல்கிறார்களோ அவருக்கு. விருதின் பெயர்: ட்வைமன்-ஸ்டோக்ஸ் விருது.

இருவரும் ஒன்றாக ஆடியது 3 பருவம். அதன் பிறகு ட்வைமன் அவர் பக்கத்தில் நின்றது 12 ஆண்டு.