திருச்செங்கோட்டில் ஆளுடைய பிள்ளையார்

கொங்கு மண்டலத்திற்கு அணியாய் விளங்கும் திருச்செங்கோட்டு மலையை அறியாதார் நம் சங்கத்தாருள் எவரும் இலர். முன்னர்ச் சேலம் ஜில்லாவில் இருந்து, 1997ஆம் ஆண்டு முதல் நாமக்கல் மாவட்டத்தின்கண் அடங்கிய இவ்வூரில், ஏறக்குறைய 1,200 படிகளையும் ஏறி அர்த்தநாரீசுவரரை வணங்கி வாராத குடும்பம் நம்முள் அரிது. ஆயினும், 7ஆம் நூற்றாண்டில் ஒரு பனிக்காலத்தே திருஞானசம்பந்தப் பிள்ளையார் இத்தலத்தில் தங்கியிருந்து செய்த அருஞ்செயலை நம் சிறுவர் அறிந்திலர். அது பற்றியே இதனை எழுதலானேன்.

தலத்தின் வரலாறு முதற்கண் அறியத்தக்கது. ஆதிசேடனும் வாயுவும் தம்முள் வலிமை பேசி மாறுபட்டனர். சேடன் மேருவின் கொடுமுடிகளைத் தன் படங்களால் இறுகப் பற்ற, வாயு அவற்றைப் பெயர்த்து எறிந்தான். அவ்வாறு வீழ்ந்த முடியொன்று சேடனது குருதி படிந்து செங்கோடு ஆயிற்று என்பர். படிவழியிற் பாறைமேல் 60 அடி நீளமாகச் செதுக்கிய நாகத்திற்கு மஞ்சளும் குங்குமமும் இட்டு வழிபடுவது இக்கதை பற்றியே.

மற்றொரு வரலாறு பிருங்கி முனிவரைப் பற்றியது. அவர் அம்மையை விலக்கி அப்பனை மட்டுமே வலம் வரும் கொள்கையர். இறைவனும் இறைவியும் நெருங்கி வீற்றிருந்த காலையும், வண்டுருக் கொண்டு இடையே புகுந்து ஐயனை மட்டும் வலம் வந்தார். அம்மை தன் கூறாகிய வலிமையை அவர் உடலினின்றும் வாங்கிக்கொள்ள, நிற்கலாற்றாது தளர்ந்து, ஊன்றுதற்கு மூன்றாங்கால் பெற்றார். பின்னர் அம்மை கேதார கௌரி விரதம் நோற்று ஐயனது இடப்பாகம் பெற்றனள். வலப்புறம் வேட்டியும் இடப்புறம் சேலையுமாக இன்றும் இங்கே அலங்கரித்தல் அதனாலேதான்.

நிற்க. சீகாழியிற் சிவபாத இருதயருக்கும் பகவதியாருக்கும் மகவாய்த் தோன்றி, 3ஆம் ஆண்டிற் பிரம தீர்த்தக் கரையில் அம்மை அளித்த ஞானப்பாலுண்டு பாடத் தொடங்கிய பிள்ளையாரின் வரலாறு யாவரும் கேட்டதே. திருக்கோலக்காவிற் பொற்றாளமும், திருவரத்துறையில் முத்துச் சிவிகையும் பெற்றதை விரிக்கிற் பெருகும். ஒன்றை மட்டும் விடாது கூறல் வேண்டும். திருஎருக்கத்தம்புலியூரினராகிய திருநீலகண்ட யாழ்ப்பாணரும் அவர் மனைவியார் மதங்கசூளாமணியாரும் சீகாழியிற் பிள்ளையாரை அடைந்து, அவர் பதிகங்களை யாழிலிட்டு உடன் வரும் வரம் வேண்டிப் பெற்றனர். வேதியர் குலத்துப் பிள்ளையும் பாணர் குலத்துப் பெரியாரும் ஒரு கூட்டமாக ஊர்தோறும் சென்றனர். சாதியின் பேரால் சங்கம் கண்ட நாம் இதனைச் சற்று நிதானித்துப் படித்தல் நன்று.

கொங்கு நோக்கி வரும் வழியில், திருப்பாச்சிலாச்சிராமத்திலே கொல்லி மழவன் மகளை வருத்திய முயலகன் என்னும் நோயைப் பிள்ளையார் பாடித் தீர்த்தார். அப்பால் திருஈங்கோய்மலை முதலிய தலங்களை வணங்கிக் கொடிமாடச் செங்குன்றூர் என்று அந்நாளில் வழங்கிய இத்தலத்தை அடைந்தார். இங்கே முதலிற் பாடிய பதிகத்தின் தொடக்கப் பாட்டிலேயே, இப்பெருமானைத் தொழுவார் துன்பம் நீங்கப் பெறுவர் என்னும் கருத்தை வைத்தார். பின்னர் மேற்கே காவிரியும் பவானியும் கூடும் திருநணாவை வணங்கித் திரும்பி இங்கேயே தங்கினார்.

அப்போதுதான் பனிக்காலம் வந்தது. மார்கழி, தை மாதங்களின் விடியலில் இச்சமவெளியில் இறங்கும் பனியை நாம் அறிவோம். சோழநாட்டினின்றும் வந்த அடியார்களுக்கு அது பொறுக்கலாயிற்றில்லை. குளிரும் நடுக்கமுமாகச் சுரம் பற்றியது. துன்பம் நீங்கும் என்று பாடிய தலத்திலேயே, தொழுத அடியார்கள் படுக்கையில் வீழ்ந்தனர். பிள்ளையாரின் வாக்கே சோதனைக்குள்ளாயிற்று என்பது என் கருத்து.

அடியார்கள் வந்து முறையிட்டபோது, இஃது இந்நிலத்தின் இயல்பே ஆயினும் நம்மை அணுகலாகாது என்று அவர் துணிந்தார் எனச் சேக்கிழார் கூறுவர். வினையின் பயன், அனுபவித்தே தீர வேண்டும் என்று கைகட்டியிருக்க அவர் இசைந்திலர். திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டு, வினை எம்மைத் தீண்டாது என்று பாட்டுத்தோறும் முடிக்கும் பதிகத்தை அருளினார். உலகெலாம் உய்ய நஞ்சை ஏற்ற கண்டமன்றோ அது! சோலை வைத்தல், குளம் தொடுதல் ஆகிய நல்வினைகளும் அப்பதிகத்திற் பேசப்படுகின்றன. யான் கருத்தூன்றிக் காண்பது அதிலுள்ள பன்மையையே. தமக்கென ஒருமையில் அவர் வேண்டினாரல்லர். சிவிகை தாங்கினாரும் யாழ் தாங்கினாரும் அப்பன்மையுள் அடங்குவர். சுரம் அடியார்களை விட்டதுடன் நில்லாது, அந்நாட்டாரையும் விட்டு நீங்கிற்று என்ப.

நம் இல்லங்களில் முதியோர் சிலர், எல்லாம் தலைவிதி என்று மருந்தும் உண்ணாது கிடத்தலைக் காண்கின்றேன். பதிகம் ஓதுக, வைத்தியரையும் அழைக்க. வினையென்று வாளா கிடக்க இப்பதிகம் இடந்தரவில்லை.

அதன்பின் பிள்ளையார் பாண்டிக் கொடுமுடி, வெஞ்சமாக்கூடல், கருவூர் வழியாகச் சோழநாடு மீண்டார். மதுரையிலே பாண்டியனது வெப்பு நோயைத் திருநீற்றால் தீர்த்தது பின்னாளில் நிகழ்ந்தது. அரசன் நோய் தீர்ந்த கதை நாடெங்கும் பரவியது. சிவிகை சுமந்தாரின் குளிர்சுரம் தீர்ந்த கதையோ பெரும்பாலும் நம் மலையடியிலேயே நின்றுவிட்டது.

பதினாறாம் ஆண்டில், இன்று ஆச்சாள்புரம் எனப்படும் நல்லூர்ப் பெருமணத்தில் அவருக்குத் திருமணம் நிகழ்ந்தது. அன்று திருக்கோயிலுள் எழுந்த பெருஞ்சோதியினுள், மணத்திற்கு வந்தார் அனைவரையும் புகுமாறு பணித்தார். யாழ்ப்பாணரும் மதங்கசூளாமணியாரும் புகுந்தனர். சிவிகை தாங்கினாரும் புகுந்தனர். எல்லாரும் புகுந்த பின்னரே, மணமகளைக் கைப்பற்றி வலம் வந்து, பிள்ளையார் தாம் புகுந்தார்.