அசோகச் சக்கரவர்த்தி பிறர் நெஞ்சறிந்த வரலாறு



மனிதர் ஒருவரையொருவர் ஏன் அறிந்துகொள்வதில்லை? ஒரே மொழி பேசி, ஒரே கூரையின்கீழ் உண்டு உறங்குவோரும் ஒருவர் நெஞ்சை ஒருவர் அறியாது பிணங்குவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். இவ்வினாவிற்கு விடை தேடுவோர்க்கு அசோகச் சக்கரவர்த்தியின் சரித்திரம் ஒரு சிறந்த பாடமாகும். 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் தம்மத்தைத் தழுவிய திருநாளை அசோக விஜயதசமி என்றே வழங்குகிறோம். அவ்வரசர் நாட்டிய தூண்களையும் எழுப்பிய தூபிகளையும் புகழ்ந்து பேசும் நாம், அவர் தம் மனத்தைத் திருத்திக்கொண்ட வகையை அத்துணை ஆராய்வதில்லை. அதனையே ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

சந்திரகுப்த மௌரியரின் பேரரும் பிந்துசாரரின் மைந்தருமாகிய அசோகர், பாடலிபுத்திரத்தைத் தலைநகராகக் கொண்டு, கி.மு. 268 அளவில் முடி சூடினார். வடமேற்கே காந்தாரம் முதல் தெற்கே இன்றைய கருநாடகம் வரையில் அவர் ஆணை சென்றது. கீழைக் கடற்கரையிலிருந்த கலிங்கமோ அவ்வாணைக்கு உட்படாமல் நின்றது. முடி சூடி எட்டாண்டுகள் ஆனபின் அவர் அந்நாட்டின்மீது படையெடுத்து வென்றார். அப்போரில் 1,00,000 பேர் கொல்லப்பட்டனர். 1,50,000 பேர் நாட்டைவிட்டுப் பிடித்துச் செல்லப்பட்டனர். மாண்டோரினும் பன்மடங்கினர் பின்னர் அழிந்தனர். இக்கணக்கைப் பகைவர் எழுதி வைக்கவில்லை. வென்ற அரசரே தம் 13ஆம் பாறைச் சாசனத்தில் வெட்டுவித்தார்.

அச்சாசனத்தில் எண்ணிக்கையினும் பெரிதாகிய செய்தி ஒன்றுண்டு. கலிங்கத்தில் பெற்றோரைப் பேணுவோரும், பெரியோரைப் பணிவோரும், நண்பரிடத்தும் பணியாளரிடத்தும் அன்புடையோரும் வாழ்ந்தனர் என்றும், அவர்களே வெட்டுண்டும் பிரிவுண்டும் வருந்தினர் என்றும் அவர் கூறுகிறார். உடலில் ஒரு காயமும் படாதவர்கூடத் தம் சுற்றத்தாரும் நண்பரும் அடைந்த துன்பத்தால் துன்புற்றனர் என்பதையும் குறிக்கிறார். போருக்கு முன் அந்நாடு அவருக்குக் கைப்பற்றத்தக்க ஒரு நிலப்பரப்பு. போருக்குப் பின் அது தாயும் மகனும், தோழனும் தோழனும் வாழ்ந்த வீடுகளாகத் தோன்றிற்று. பிறருக்கும் தம்மைப்போல் ஒரு நெஞ்சுண்டு என்பதை அவர் கண்டது அப்பொழுதுதான். அந்தோ! அதனைக் காண எத்தனை உயிர் போகவேண்டியிருந்தது!

ஒரு நாளில் அவர் மனம் முற்றும் மாறிவிட்டது என்று எவரும் எண்ணவேண்டா. இரண்டரை ஆண்டுகள் உபாசகராக இருந்தும், அவற்றுள் முதல் ஓராண்டு தாம் போதிய முயற்சி செய்யவில்லை என்றும், சங்கத்தை அணுகிய பின்னரே ஊக்கத்துடன் முயன்றதாகவும் அவரே தம் சிறு பாறைச் சாசனங்களில் ஒப்புக்கொள்கிறார். தம் குறையைக் கல்லில் வெட்டிவைக்கும் அரசர் உலகில் எத்தனை பேர்?

இனி, அவர் கற்ற பாடத்தைச் செயலிற் காட்டிய விதத்தைக் காண்போம். கலிங்க நாட்டுத் தௌலியிலும் ஜௌகடத்திலும் அவருடைய பாறைச் சாசனங்கள் உள்ளன. ஏனைய இடங்களிற் காணப்படும் 13ஆம் சாசனம் அவ்விரு இடங்களிலும் இல்லை. போரில் மக்களை இழந்தவர் கண்முன்னே அவ்விழப்பின் கணக்கை நிறுத்த அவர் விரும்பவில்லை போலும். அதற்கு ஈடாக இரண்டு தனிச் சாசனங்களை வைத்தார். எல்லா மனிதரும் தம் மக்களே என்றும், காரணமின்றி ஒருவனும் சிறைப்படவோ வதைபடவோ கூடாதென்றும், பொறாமை, சினம், கொடுமை, அவசரம், சோம்பல் முதலியவற்றை விலக்கி நீதி செலுத்த வேண்டுமென்றும் அதிகாரிகளுக்கு ஆணையிட்டார். எல்லைப்புறத்து மக்கள், இவ்வரசர் நம்மை யாது செய்வாரோ என்று அஞ்சியிருப்பார்கள் என்பதையும் தாமே எண்ணிப் பார்த்து, அவ்வச்சத்தை நீக்குமாறு பணித்தார். பூச நட்சத்திர நாளில் இவற்றை வாசிக்க வேண்டும். கேட்பவர் ஒருவரே ஆயினும் வாசிக்க வேண்டும் என்றும் விதித்தார்.

சமய வேற்றுமையைப் பற்றி அவர் கூறியது 12ஆம் சாசனம். எல்லாச் சமயத்தாரையும் தாம் மதிப்பதாகவும், தானத்தினும் பூசனையினும் அச்சமயங்களின் சாரம் வளர்வதே சிறந்ததென்றும், அதற்கு வேர் நாவடக்கமே என்றும் உரைக்கிறார். தன் சமயத்தின்மேற் கொண்ட பற்றினால் தன்னதைப் புகழ்ந்து பிறரதை இகழ்பவன், தன் சமயத்திற்கே பெருங்கேடு செய்கிறான் என்றும், ஒருவர் தம்மத்தை ஒருவர் கேட்க வேண்டும் என்றும் அறிவுறுத்துகிறார். இது வாய்ச்சொல்லாக நின்றுவிடவில்லை. கயைக்கு அருகிலுள்ள பராபர் குன்றில், முடி சூடிய 12ஆம் ஆண்டில், புத்த சமயத்தவரல்லாத ஆசீவகத் துறவிகளுக்குக் குகைகளை வழங்கினார். வடமேற்கில் கிரேக்க மொழி பேசுவோர்க்குக் கிரேக்கத்திலேயே தம் கருத்தை எழுதுவித்தார். 12ஆம் சாசனத்தின் ஒரு பகுதி கிரேக்க மொழியில் காந்தகாரில் 1963ஆம் ஆண்டு கிடைத்தது. பிறர் தம் மொழிக்கு வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. தாமே அவர்கள் மொழிக்குச் சென்றார்.

ஆயினும் உண்மையை மறைத்தல் தம்மமாகாது. கலிங்கத்திலிருந்து பிடித்துச் சென்றோரைத் திருப்பி அனுப்பியதாக 13ஆம் சாசனத்தில் ஒரு சொல்லும் இல்லை. அதே சாசனத்தில் காட்டில் வாழும் மக்களை நோக்கி, தாம் இரங்கினாலும் தம்மிடம் வலிமையுண்டு என்று எச்சரிக்கவும் செய்கிறார். கலிங்கத்தவரின் கண்ணால் உலகைக் கண்டவருக்கும் காட்டு மக்களின் கண்ணால் காண்பது அரிதாயிற்று. ஏறத்தாழ 36 ஆண்டுகள் ஆண்டு, கி.மு. 232 அளவில் அவர் மறைந்தார். நாளடைவில் அவர் எழுத்தும் மறந்துபோயிற்று. 14ஆம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா துக்ளக் அவருடைய தூண்கள் இரண்டைத் தில்லிக்குக் கொணர்ந்தபோது, அவற்றைப் படித்தறிய ஒருவராலும் இயலவில்லை. 1837ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பிரின்செப் என்பார் அவ்வெழுத்தின் மறைவை அவிழ்த்த பின்னரே கற்கள் மீண்டும் பேசின.

அன்பர்களே! இச்சரித்திரத்தால் நாம் அறிவது யாது? பிறர் நெஞ்சை அறியவொட்டாமல் தடுப்பது மொழியன்று. நாம் ஏறி நிற்கும் உயரமே. மேலே நிற்பவனுக்குக் கீழே நிற்பவனின் முகம் தெரிவதில்லை. ஆகையால் முதலில் இறங்கவேண்டியவன் மேலே நிற்பவனே. இறங்கியவர் சக்கரவர்த்தி, கலிங்கத்து ஏழையன்று. பரம்பரையாக மிதிக்கப்பட்டோரைப் பார்த்து, உங்களை மிதிப்பவரின் மனத்தை அறிந்து பொறுத்திருங்கள் என்று சொல்லுவோர் இவ்வரலாற்றைத் தலைகீழாகப் படிக்கிறவர்கள்.

ஆனால் நாம் மேலே நிற்கும் இடங்களும் உண்டு. மனைவியின்முன் கணவனும், பிள்ளையின்முன் தந்தையும், கேட்போர்முன் போதகனும் மேலே நிற்கிறார்கள். யாம் தம்மம் தழுவிய புதிதில், எம் தமக்கையார் வீட்டிற்குச் சென்று, அவர் வணங்கும் தெய்வங்களை அவர் மக்கள் எதிரிலேயே இகழ்ந்து பேசினோம். அவர் மறுமொழி கூறாது உள்ளே சென்றார். அதன்பின் பல ஆண்டுகள் எம் வீட்டு வாயிலை மிதிக்கவில்லை. அவர் துக்கம் தெய்வத்தைப் பற்றியதன்று. இறந்த தாய் தந்தையர்க்கு ஆண்டுதோறும் படைப்பதற்கு இனி ஆண்மகன் இல்லையே என்பது என்று பின்னரே அறிந்தோம். மறைந்தோர்க்குப் புண்ணியத்தைப் பகிர்ந்தளிக்கும் வழி நம் தம்மத்திலும் உண்டே! ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஒரு வார்த்தையில் ஆறுதல் கூறியிருக்கலாம். ஆலையில் தறியோட்டிய காலத்தில், இரைச்சலில் காது கேளாதபோது, எதிரிலிருப்பவன் முகத்தையும் உதட்டையும் உற்றுப் பார்த்தே அவன் சொல்வதை அறிவோம். இரைச்சலற்ற வீட்டில் உடன்பிறந்தவர் முகத்தைப் பார்க்கத் தவறினோம்.

பஞ்சசீலத்தில் நாவிற்கும் ஒரு சீலம் உண்டென்பதை மறவாதிருப்போம். பழைய வழியிலேயே நிற்கும் நம் உற்றாரிடம் செல்லும்போது, கொள்கையில் அணுவளவும் தளராமல், முதலில் அவர் சொல்வதைக் கேட்போம். பின்னர் நம் தம்மத்தைச் சொல்வோம். நாம் சொல்வதைக் கேட்பவர் ஒருவரே ஆயினும் அன்போடு சொல்வோம்.

சகல உயிர்களும் சுகமாய் வாழ்க. நமோ புத்தாய.