கிணறு வெட்டிய பாடகர் ஓட்டிஸ் ரெடிங்

பதினைந்து வயதில் பள்ளியை விட்டு நின்று, கிணறு வெட்டும் வேலைக்குப் போன ஒரு சிறுவனை எண்ணிப் பாருங்கள். எனக்கும் இப்போது அதே வயதுதான். அதனால்தானோ என்னவோ, அவருடைய வரலாறு என் மனத்தை விட்டு அகலவில்லை.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், டாசன் என்னும் சிற்றூரில், 1941-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள் ஓட்டிஸ் ரெடிங் பிறந்தார். வளர்ந்தது மேக்கன் நகரில். தந்தையார் விமானப்படைத் தளத்தில் வேலை பார்த்தார். ஆலயத்தில் பிரசங்கமும் செய்வார். மகன் பாடக் கற்றதும் ஆலயப் பாடகர் குழுவில்தான். தந்தையாரைக் காசநோய் பற்றிக்கொண்டபோது குடும்பச் சுமை ஓட்டிஸின் தோளில் விழுந்தது. கிணறு வெட்டினார், பெட்ரோல் நிலையத்தில் வேலை செய்தார், இரவில் பாடினார்.

1962-இல் ஜானி ஜென்கின்ஸ் என்ற கிட்டார் கலைஞரைக் காரில் ஏற்றிக்கொண்டு மெம்பிஸ் நகரின் ஸ்டாக்ஸ் ஒலிப்பதிவு நிலையத்துக்குச் சென்றார். ஆம், அன்று அவர் வெறும் கார் ஓட்டிதான்! ஜென்கின்ஸின் பதிவு சரியாக அமையவில்லை. மிஞ்சியிருந்த சிறிது நேரத்தில் ஓட்டிஸைப் பாட விட்டார்கள். அந்தச் சிறிது நேரம் அவருடைய வாழ்க்கையையே மாற்றிவிட்டது.

ஸ்டாக்ஸ் நிலையம் முன்பு ஒரு சினிமாக் கொட்டகை. அதன் சரிவான தரையைக்கூட அவர்கள் சமப்படுத்தவில்லை. கறுப்பரும் வெள்ளையரும் பிரிந்து வாழ்ந்த அந்நகரில், அக்கொட்டகைக்குள் மட்டும் இரு இனத்தவரும் ஒன்றாக அமர்ந்து வாசித்தனர். அவர்கள் வளர்த்தது ஸோல் இசை. ஆலயத்தில் உருகிப் பாடும் அதே முறையில் உலக வாழ்வின் இன்ப துன்பங்களைப் பாடுவது அது. ஸோல் என்றால் ஆன்மா என்று பொருள்.

1965 ஜூலை 9-ஆம் நாள் காலை 'ஓட்டிஸ் புளூ' என்ற இசைத்தட்டின் ஒலிப்பதிவு தொடங்கியது. இரவு வந்ததும் வாத்தியக்காரர்கள் எழுந்து போய்விட்டார்கள். கோபித்துக்கொண்டு அல்ல, வயிற்றுப்பாட்டுக்காக விடுதிகளில் வாசிக்க வேண்டியிருந்தது! பின்னிரவில் திரும்பி வந்து மீண்டும் தொடர்ந்தார்கள். மறுநாள் பிற்பகலுக்குள் பதினொரு பாடல்களில் பத்து முடிந்துவிட்டன. முந்தைய டிசம்பரில் சுட்டுக் கொல்லப்பட்ட பாடகர் சாம் குக்கின் பாடல்கள் மூன்று அவற்றில் இருந்தன. ஓட்டிஸ் அவரைப் பெரிதும் போற்றியவர். இசைத்தட்டு செப்டம்பரில் வெளிவந்து, கறுப்பர் இசைத்தட்டுகளின் விற்பனை வரிசையில் முதலிடம் பிடித்தது.

அதில் ஓட்டிஸே எழுதிய 'ரெஸ்பெக்ட்' பாடலில், வேலை முடிந்து வீடு திரும்பும் கணவன் மரியாதை கேட்கிறான். 1967-இல் ஒரு போதகரின் மகளான அரீத்தா பிராங்க்ளின் அதே பாடலைப் பெண்ணின் குரலாக மாற்றிப் பாடினார். அது அமெரிக்கா முழுவதிலும் முதலிடம் பெற்றது. எங்கள் வகுப்பில் வாக்கெடுப்பு நடத்தினால் அனைவரும் அரீத்தாவின் பக்கமே!

அதே 1967-இல், மாணவர்கள் படிப்பை நிறுத்திவிடக் கூடாது என்று எடுத்துரைக்க ஸ்டாக்ஸ் ஓர் இசைத்தட்டு வெளியிட்டது. அதில் பேசியவர்களுள் ஓட்டிஸும் ஒருவர். படிப்பை இழந்தவர் அதைச் சொன்னபோது அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

அவ்வாண்டு டிசம்பர் 10-ஆம் நாள் அவருடைய சிறு விமானம் விஸ்கான்சின் மாநிலத்தில், மொனோனா ஏரியின் குளிர்ந்த நீரில் விழுந்தது. ஓட்டிஸுக்கு வயது 26. உடன் சென்ற 'பார்-கேஸ்' குழுவினர் பள்ளிப் படிப்பை அண்மையில்தான் முடித்த இளைஞர்கள். அவர்களில் நால்வர் மாண்டனர். விமானத்தில் இருந்த எண்மரில் பிழைத்தவர் டிரம்பெட் வாசித்த பென் காலி ஒருவரே. வேறு விமானத்தில் வந்த ஜேம்ஸ் அலெக்சாண்டருடன் சேர்ந்து அவர் குழுவை மீண்டும் அமைத்தார். பிற்காலத்தில் அது புகழ்பெற்ற ஃபங்க் இசைக்குழுவாயிற்று.

விபத்துக்கு மூன்று நாள் முன்புதான், படகுத்துறையில் அமர்ந்திருக்கும் ஒருவனைப் பற்றிய பாடலை ஓட்டிஸ் பாடி முடித்திருந்தார். பாடலின் இறுதியில் சீட்டியடிப்பார். அவருடன் சேர்ந்து அதை எழுதிய கிட்டார் கலைஞர் ஸ்டீவ் கிராப்பர், நண்பர் மறைந்த பின் தனியே அமர்ந்து, அலைகளின் ஓசையையும் கடற்பறவைகளின் குரலையும் அதில் சேர்த்தார். 1968 மார்ச்சில் அது அமெரிக்காவில் முதலிடம் பெற்றது.